எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தடுப்பூசி பிடிக்குமா? ராமநாதபுரம் கரையோர இழை

கச்சான்:
புரட்டாசி பிறந்தாலே இந்தக் கேள்வி வரிசை கட்டும். "முடக்குவாதத்துக்கு மாத்திரை ஓடுது, மழைக்கு முன்னால ஃப்ளூ ஊசி போடலாமா, போட்டா பிடிக்குமா?" பதில்கள் பத்துப் பதிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. இனி எல்லாம் இங்கேயே இருக்கட்டும்.

ஒரு நிபந்தனை. மருந்தின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த தேதி, இந்த மூன்றும் இல்லாமல் யாரும் கேள்வி போட வேண்டாம். "எதிர்ப்பு சக்தி குறைக்கிற மாத்திரை" என்று மொட்டையாகச் சொன்னால் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் ரிட்டுக்சிமாபும் ஒரே கூடையில் விழும். ஒன்று நெத்திலி, மற்றது சுறா.

டாக்டர், மருந்து வாரியாக நீங்கள் ஆரம்பித்து வையுங்கள்.

மூட்டுப்பிரிவு:
பலருக்கு இருக்கும் பயம் ஊசி ஆபத்து என்பது. செத்த கிருமி, புரதத் துண்டு, எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசிகள் இந்த மருந்துகளோடு சேர்ந்து ஆபத்து செய்வதில்லை. அவற்றில் பிரச்சினை ஒன்றுதான்: உடம்பு அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது குறையும். எவ்வளவு குறையும் என்பது மருந்தைப் பொறுத்தது.

ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்பாசலசைன் எடுப்பவர்கள் மற்றவர்களைப் போலவே போட்டுக்கொள்ளலாம். அசத்தியோபிரின், அடாலிமுமாப் மாதிரியான டி.என்.எஃப். (வீக்கத்தைத் தூண்டும் புரதம்) தடுப்பு ஊசிகளில் எதிரணு (கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம்) அளவு ஓரளவு குறையும், ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கும். மெத்தோட்ரெக்சேட் அதற்கு மேல் ஒரு படி. ஃப்ளூ, நிமோனியா ஊசிகளில் அதன் பாதிப்பு தெளிவாகத் தெரியும். டோஃபாசிட்டினிப் தனியாகவும் குறைக்கும், மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் நிமோனியா ஊசிக்கான பதிலை இன்னும் குறைக்கும். மைக்கோபினோலேட் கடுமையானது. ரிட்டுக்சிமாப் எல்லாவற்றுக்கும் மேல். எதிரணு செய்கிற பி-செல்களையே துடைத்துவிடுவதால், ட்ரிப் ஏறிய முதல் சில மாதங்களில் போடும் ஊசிக்கு எதிரணு ஏறக்குறைய வருவதே இல்லை.

ஸ்டீராய்டில் 20 மி.கி. என்பது கோடு. தினம் 20 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோன் எடுக்கிறவருக்கு ஃப்ளூ ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். மற்ற செத்த வகை ஊசிகளை, நோய் அனுமதித்தால், 20-க்குக் கீழே இறக்கிய பிறகு போடுவது நல்லது. ஊசிக்காக ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நாள்பட எடுத்தவரின் அட்ரீனல் சுரப்பி தூங்கிக் கிடக்கும்; இரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாயலாம்.

கச்சான்:
மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திப் போடணுமா, நிறுத்தாமல் போடணுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

மூட்டுப்பிரிவு:
ஃப்ளூ ஊசிக்கு மட்டும், நோய் அடங்கியிருந்தால், ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் நிறுத்தலாம். முன்னால் நிறுத்துவதில் பயன் இல்லை. கொரியாவில் முடக்குவாதக்காரர்களிடம் நடந்து 2018-இல் வந்த சோதனையில், பிறகு 2 வாரம் நிறுத்தியவர்களில் 75.5 விழுக்காட்டினருக்குப் போதிய பதில் கிடைத்தது, நிறுத்தாதவர்களில் 54.5 விழுக்காடு. கொரோனா பூஸ்டருக்கு பிரிட்டனில் 254 பேரிடம் இதே மாதிரி செய்து பார்த்ததில், நிறுத்தியவர்களுக்கு எதிரணு அளவு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2022 வழிகாட்டி ஃப்ளூவுக்கு நிறுத்தச் சொல்கிறது, மற்ற செத்த வகை ஊசிகளுக்குத் தொடரச் சொல்கிறது. மாத்திரையா ஊசியா என்று இழுபறி வந்தால் எனக்கு முன்னுரிமை ஊசிக்குத்தான். மாத்திரை பற்றி முடிவெடுக்க ஆள் இல்லை என்று ஃப்ளூ ஊசியைத் தள்ளக் கூடாது.

துணைநிலையச் செவிலி:
டாக்டர் சொல்றது சரி, ஆனா ஊர்ல இது எப்படி முடியும்னு சொல்றேன். "ரெண்டு வாரம் நிறுத்து"ன்னா ரெண்டு மாசம் நிறுத்துறாங்க. வலி இல்லாம இருக்கிற ஆள் திரும்ப ஆரம்பிக்கவே மாட்டார். மூட்டு வீங்கின பிறகு, விட்டதையும் சேர்த்து ஒரே நாள்ல முழுங்குவார். வாரம் ஒரு முறை மாத்திரையைத் தினமும் முழுங்கி வாய் புண்ணாகி வர்றது ஏற்கனவே நடக்கிற விஷயம்தான். அதுல நாமும் கிழமையை மாத்திவிட்டா கேக்கவா வேணும்.

மருந்துச்சீட்டு (கீழக்கரை):
செவிலியக்கா சொல்றது நூத்துக்கு நூறு. அதுக்கு ஒரு வழி இருக்கு. மாத்திரை போடுற கிழமையிலேயே ஊசி போடச் சொல்லுங்க. ஞாயிறு மாத்திரைன்னா ஞாயிறு, அல்லது மறுநாள் காலையில கடை திறந்ததும் ஊசி. அந்த ஞாயிறு மாத்திரையை விடணும், அடுத்த ஞாயிறும் விடணும், மூணாவது ஞாயிறு பழைய அளவு. கிழமை மாறாது. சீட்டுலயே மூணு தேதி எழுதிக் கொடுக்கணும், ரெண்டுக்கு நேரா பெருக்கல் குறி, மூணாவதுக்கு டிக். போலிக் அமிலம் வழக்கம்போல ஓடட்டும். விட்ட மாத்திரையைப் பிறகு சேர்த்து எடுக்கவே கூடாது, அதைச் சிவப்பு மையில எழுதணும்.

மூட்டுப்பிரிவு:
இது நல்ல முறை. திரும்ப ஆரம்பிக்க மாட்டார் என்று தோன்றும் ஆளுக்கு நிறுத்தவே வேண்டாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 54 விழுக்காடு என்பது பூஜ்யம் இல்லை.

வாடைக்கரை:
ரிட்டுக்சிமாப் 1 கிராம் வீதம் இரண்டு வார இடைவெளியில் 2 ட்ரிப், 6 மாதத்துக்கு ஒரு சுற்று. நிமோனியா ஊசி எப்போது?

மூட்டுப்பிரிவு:
அடுத்த சுற்று நெருங்கும்போது. ஐந்தாம் மாதம் முடிந்து ஊசி, அதிலிருந்து குறைந்தது 2 வாரம் கழித்து ட்ரிப். ட்ரிப் தேதி ஒரு வாரம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, ஊசிக்கும் ட்ரிப்புக்கும் நடுவே அந்த 2 வாரம் சுருங்கக் கூடாது. ஃப்ளூ மட்டும் விதிவிலக்கு, பருவம் வந்துவிட்டால் சுற்றின் எந்த இடத்தில் இருந்தாலும் போட்டுவிடுங்கள்.

இன்னும் நல்லது, முதல் ட்ரிப்புக்கு முன்பே போட்டு முடிப்பது. ரிட்டுக்சிமாப் எழுதிய அன்றைக்கே ஹெபடைட்டிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜெனும் உட்கரு எதிரணுவும் பார்த்தாக வேண்டும். பழைய மஞ்சள் காமாலை வைரஸ் ஈரலில் பதுங்கியிருந்தால் இந்த மருந்து அதை எழுப்பிவிடும். அதே நாளில் தடுப்பூசிக் கணக்கையும் எடுத்துவிடலாம். இரண்டு கேள்வியும் ஒரே சீட்டில்.

சிறுநீரகப் பிரிவு:
மாற்று சிறுநீரகம் வைத்தவர்களுக்குக் கணக்கே வேறு. டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் மூன்றும் சேர்ந்து ஓடும். 2021-இல் அமெரிக்காவில் உறுப்பு மாற்றுச் செய்துகொண்ட 658 பேரிடம் பார்த்தபோது, கொரோனா ஊசி இரண்டு டோஸ் முடிந்த பிறகும் 46 விழுக்காட்டினருக்கு எதிரணுவே வரவில்லை. பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். மைக்கோபினோலேட் வகை மருந்து எடுத்தவர்களில் 57 விழுக்காட்டினருக்கு வரவில்லை, எடுக்காதவர்களில் 18 விழுக்காட்டினருக்கு மட்டுமே வரவில்லை. பிரான்சில் 101 பேருக்கு மூன்றாவது டோஸ் போட்டதும் எதிரணு உள்ளவர்கள் 40-லிருந்து 68 விழுக்காடானார்கள். கூடுதல் டோஸ் என்பது வியாபாரம் இல்லை, கணக்கு.

எங்கள் பக்கம் முக்கியமானது ஹெபடைட்டிஸ் பி. டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு ஓடுவதைவிட, சிறுநீரகம் பழுதாகிக் கிரியாட்டினின் ஏறும்போதே ஆரம்பித்தால் நன்றாகப் பிடிக்கும். சாதாரண ஆளுக்கு 20 மைக்ரோகிராம் மூன்று தடவை. டயாலிசிஸ் நோயாளிக்கு 40 மைக்ரோகிராம், 0, 1, 2, 6 மாதங்களில் நான்கு தடவை. 20-இன் இரண்டு குப்பி சேர்த்தால் 40. பல இடங்களில் தவறுவது இங்கேதான், ஒரு குப்பியை மட்டும் போட்டு அட்டையில் டிக் அடித்துவிடுவார்கள். தோள் தசையில் போட வேண்டும், இடுப்பில் போட்டால் கொழுப்பில் நின்று வீணாகும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இருக்கிற கையில் போட வேண்டாம்.

கடைசி டோஸிலிருந்து 1 முதல் 2 மாதத்தில் எதிரணு அளவு. 10-க்குக் கீழே என்றால் முழுச் சுற்றும் மறுபடி. டயாலிசிஸில் இருக்கும்வரை வருடம் ஒரு முறை அளவு பார்த்து, 10-க்குக் கீழே இறங்கினால் ஒரு பூஸ்டர்.

மாற்று அறுவைக்கு நாள் குறித்தவர்: உயிருள்ள ஊசி (வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி கொண்டது) தேவைப்பட்டால் 4 வாரம் முன்னதாக, செத்த வகை 2 வாரம் முன்னதாக முடித்துவிட வேண்டும். மாற்றிய பிறகு செத்த வகைக்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம் காத்திருப்போம். ஃப்ளூ மட்டும் ஒரு மாதத்துக்குப் பின் போடலாம்.

வாடைக்கரை:
அப்படியானால் எல்லா ஊசிக்கும் எதிரணு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமே? மதுரை லேப்காரர்கள் வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கிறார்கள்.

மூட்டுப்பிரிவு:
வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி, வெறிநாய்க்கடி மாதிரிச் சிலவற்றுக்குத்தான் "இவ்வளவு இருந்தால் போதும்" என்ற நம்பத்தகுந்த எண் கையில் இருக்கிறது. கொரோனாவுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. இன்னொன்று, ரிட்டுக்சிமாப் எடுத்தவருக்கு எதிரணு பூஜ்யம் வந்தாலும் எதிர்ப்பு வேலை செய்யும் இன்னொரு வகையான டி-செல்கள் கற்றுக்கொண்டிருக்கலாம். அதை இந்த டெஸ்ட் காட்டாது. பூஜ்யத்தைப் பார்த்துப் பயந்துபோவார், எண் நிறைய இருந்தால் முகக்கவசத்தைத் தூக்கிப்போடுவார். இரண்டாலும் பயனில்லை.

மருந்துச்சீட்டு (கீழக்கரை):
உயிருள்ள ஊசி பத்தி யாராச்சும் சொல்லணும், கடையில இதுலதான் ரொம்பக் குழப்பம். ஒரே நோய்க்கு ரெண்டு வகையும் அலமாரியில பக்கத்துப் பக்கத்துல இருக்கும்.

ஹெபடைட்டிஸ் ஏ எடுத்துக்கங்க. நம்ம நாட்டுல ஒரே டோஸ்ல முடியுற உயிருள்ள வகையும் விக்குது, ரெண்டு டோஸ் செத்த வகையும் விக்குது. ஒரே டோஸ், விலையும் குறைச்சல்னு எடுத்துக் கொடுத்தா தப்பாயிடும். இவங்களுக்கு ரெண்டு டோஸ் வகைதான். டைபாய்டுல இணைப்பு வகை ஊசி செத்த வகைதான், கவலை இல்ல. ஃப்ளூவுல கையில போடுறது செத்தது, மூக்குல விடுறது உயிருள்ளது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் ரெண்டும் இருக்கு. சின்னம்மை, எம்.எம்.ஆர்., மஞ்சள் காய்ச்சல், பி.சி.ஜி. (காசநோய்க்கானது), போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு எல்லாம் உயிருள்ளதுதான், வேற வகையைத் தேடணும்னா போலியோவுக்கு மட்டும்தான் ஊசி இருக்கு. பெட்டியில "வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள"ன்னு இங்கிலீஷ்ல பொடி எழுத்துல இருக்கும். அதைப் படிக்காம எடுத்துக் கொடுக்காதீங்க.

மூட்டுப்பிரிவு:
மருந்துக்கடைக் காக்கா (கீழக்கரைப் பேச்சில் அண்ணன்) சொன்னதோடு ஒரு வரி. 20 மி.கி. அல்லது அதற்கு மேல் ஸ்டீராய்டு 2 வாரத்துக்கு மேல் எடுத்தவர், நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை உயிருள்ள ஊசி கிடையாது. ரிட்டுக்சிமாப், மைக்கோபினோலேட், டி.என்.எஃப். தடுப்பு ஊசி, டோஃபாசிட்டினிப் ஓடும்போது கிடையவே கிடையாது.

கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் ஊசி. ஆப்பிரிக்கத் துறைமுகம் என்றதும் ஏஜென்ட் "ஊசி போட்டுட்டு வா" என்பார். மருந்து விவரத்தை மறைத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். மருத்துவக் காரணத்தால் விலக்கு என்று சர்வதேசச் சான்று அட்டையிலேயே எழுதித் தர இடம் இருக்கிறது. அதை ஏற்பதா என்பது போகிற நாட்டைப் பொறுத்தது. அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

துணைநிலையச் செவிலி:
வீட்டுல யாருக்காவது அம்மை போட்டா? அதைச் சொல்லுங்க. நம்ம பக்கம் வேப்பிலை கட்டி, மருந்து மாத்திரை எதுவும் தொடாம, தலைக்குத் தண்ணி ஊத்துறவரைக்கும் சும்மா விட்டுடுவாங்க. சாதாரண புள்ளைக்கு அது பெரும்பாலும் தானா ஆறிடும். மெத்தோட்ரெக்சேட், ஸ்டீராய்டு எடுக்கிற ஆளுக்கு அம்மை நுரையீரல்ல இறங்கினா ஆள் தங்க மாட்டார். வேப்பிலை கட்டட்டும், யாரு வேணாங்குறா. கூடவே ஆஸ்பத்திரிக்கும் வரணும்.

மூட்டுப்பிரிவு:
இதில் மணிக்கணக்கு முக்கியம். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு 1-2 நாள் முன்பிருந்தே பரவும். கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டும்வரை பரவும். அதனால் "அம்மை போட்டதும் மாத்திரைக்காரரை வேறு வீட்டுக்கு அனுப்பிட்டோம்" என்றால் பெரும்பாலும் தொற்று முன்பே நடந்திருக்கும். முன்பு அம்மை வராதவர் என்றால் தொடர்பு ஏற்பட்ட அன்றே கேட்க வேண்டும். அம்மைக்கான இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிரணு ஊசி) 10 நாளுக்குள் கொடுக்கலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அது கிடைக்காத இடத்தில், தொடர்பிலிருந்து ஏழாம் நாள் தொடங்கி ஒரு வாரம் அசைக்ளோவிர் மாத்திரை. கொப்புளம் வந்துவிட்டால் படுக்க வைத்து நரம்பு வழி அசைக்ளோவிர், வழக்கமாக எடைக்குக் கிலோவுக்கு 10 மி.கி., 8 மணிக்கு ஒரு தடவை. சிறுநீரகம் சரியில்லை என்றால் அளவு குறையும்.

அக்கியும் இதே வைரஸ்தான். காவி குழைத்து அக்கி எழுதிவிட்டு ஐந்து நாள் கழித்து வருகிறார்கள். மருந்தின் முழுப் பலன் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான். டோஃபாசிட்டினிப் அக்கி வரும் வாய்ப்பைக் கூட்டும், அதனால் அதை எழுதுவதற்கு முன்பே அக்கி ஊசி பற்றிப் பேசிவிட வேண்டும். இப்போது வருகிற ஷிங்ரிக்ஸ் புரத வகை, உயிருள்ளது இல்லை. இரண்டு டோஸ், வழக்கமாக 2 முதல் 6 மாத இடைவெளி. சீக்கிரம் மருந்து ஆரம்பிக்க வேண்டியவருக்கு 1 முதல் 2 மாதம். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் 97 விழுக்காடு தடுத்தது. தன் ஸ்டெம் செல்லையே திரும்ப ஏற்றிக்கொண்ட நோயாளிகளிடம் 68 விழுக்காடு. விலைதான் கையைக் கடிக்கும். இரண்டு நாள் காய்ச்சலும் கைவலியும் சகஜம், அதைப் பார்த்து இரண்டாவது டோஸை விட்டுவிடக் கூடாது.

கச்சான்:
கைக்குழந்தை விஷயம்? கர்ப்ப காலத்தில் அடாலிமுமாப் எடுத்த தாய்க்குப் பிறந்த குழந்தை.

துணைநிலையச் செவிலி:
பிரசவ வார்டுல பிறந்த அன்னைக்கே பி.சி.ஜி. போட்டு, போலியோ சொட்டு ஊத்தி அனுப்பிடுவோம். தாய்க்கு என்ன மருந்துன்னு அங்க யாரும் கேக்கிறது இல்ல, அட்டையிலும் அதுக்குக் கட்டம் இல்ல. அதனால தாயே சொல்லணும். பிரசவத் தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியே தாய்சேய் அட்டை முன்பக்கத்துல கொட்டை எழுத்துல "பி.சி.ஜி. இப்போது வேண்டாம், மருத்துவரைக் கேட்கவும்"னு எழுதி வாங்கிடுங்க.

மூட்டுப்பிரிவு:
காரணம், அடாலிமுமாபும் இன்பிளிக்சிமாபும் கடைசி மூன்று மாதத்தில் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு ஏறும், மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். இன்பிளிக்சிமாப் எடுத்த தாயின் குழந்தை ஒன்று பி.சி.ஜி. கிருமி உடம்பெங்கும் பரவி இறந்தது 2010-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. குறைந்தது 6 மாதம் தள்ளுங்கள். சில வழிகாட்டிகள் ஒரு வருடம் என்கின்றன. அரசு அட்டவணையில் பி.சி.ஜி. ஒரு வயது வரை போட இடம் உண்டு, எனவே தள்ளினால் தவறிவிடும் என்ற பயம் வேண்டாம். செர்டோலிசுமாப் நஞ்சுக்கொடியை அநேகமாகத் தாண்டாது. ரோட்டா சொட்டில் வழிகாட்டிகள் ஒத்துப்போகவில்லை. டி.என்.எஃப். மருந்து என்றால் கொடுக்கலாம், ரிட்டுக்சிமாப் என்றால் 6 மாதம் தள்ளு என்பது அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் நிலை. பென்டா (ஐந்து நோய்க்கான ஊசி), ஐ.பி.வி. (போலியோ ஊசி), நிமோனியா ஊசிகள் எதையும் தள்ள வேண்டாம்.

துணைநிலையச் செவிலி:
நெஃப்ராட்டிக் பிள்ளைங்க. முகம் வீங்கி, சிறுநீர்ல புரதம் போய், கிலோவுக்கு 2 மி.கி. ஸ்டீராய்டுல இருக்கும். போலியோ முகாம் அன்னைக்கு அந்தப் பிள்ளைக்குச் சொட்டு கிடையாது. கூடப் பிறந்ததுக்கும் ஊசியா போட்டுடுறது நல்லது, ஏன்னா சொட்டு குடிச்ச பிள்ளையோட மலத்துல வாரக்கணக்குல வைரஸ் போகும், கழுவுற கை அடுத்த பிள்ளைக்குச் சோறு ஊட்டும். ஆனா கூடப் பிறந்ததுக்கு எம்.ஆர். (தட்டம்மை, ருபெல்லா) ஊசி, சின்னம்மை ஊசி தாராளமா போடலாம். போட்டாத்தான் இதுக்கும் பாதுகாப்பு. சின்னம்மை ஊசி போட்ட பிள்ளைக்குக் கொப்புளம் வந்தா மட்டும் ஆறும்வரை தள்ளி வைங்க.

வாடைக்கரை:
நாய்க்கடி? மீன் இறங்குதளத்தில் விடிகாலையில் நாய்க்குக் குறைவே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தோலுக்குள் போடுகிற 4 நாள் ஊசி இவர்களுக்கும் போதும்தானே? எல்லோருக்கும் அதுதானே போடுகிறார்கள்.

துணைநிலையச் செவிலி:
போதாது. இதுல மட்டும் யாரும் அசட்டையா இருக்காதீங்க.

மத்தவங்களுக்கு 0, 3, 7, 28-ஆம் நாள், ரெண்டு கையிலும் 0.1 மி.லி. தோலுக்குள்ள. எதிர்ப்பு அடக்குற மருந்துல இருக்கிறவங்களுக்குத் தசையில முழுக் குப்பி, 0, 3, 7, 14, 28 ஆக 5 தடவை. இன்னொரு வித்தியாசம் இம்யூனோகுளோபுலின். சாதாரண ஆளுக்கு மூணாம் வகைக் கடிக்கு, அதாவது இரத்தம் வர்ற காயத்துக்குத்தான் அது. இவங்களுக்கு இரத்தம் வராத கீறலுக்கும், அதாவது ரெண்டாம் வகைக்கும் காயத்தைச் சுத்திப் போடணும். குதிரை சீரம்னா கிலோவுக்கு 40 யூனிட், மனித வகைன்னா 20. முதல் நாள் கிடைக்கலைன்னா முதல் ஊசியிலேர்ந்து 7 நாளுக்குள்ள போட்டாகணும், அதுக்கப்புறம் போடக் கூடாது.

எல்லாத்துக்கும் முன்னாடி ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும். கடல் தண்ணி, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

மூட்டுப்பிரிவு:
கடைசி ஊசிக்குப் பிறகு 2 முதல் 4 வாரத்தில் எதிரணு பார்க்க வேண்டும், 0.5 அலகுக்கு மேல் இருக்க வேண்டும். இது எல்லா ஊரிலும் செய்கிற டெஸ்ட் இல்லை, மாதிரியை அனுப்ப ஏற்பாட்டை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். ஊசிச் சுற்று முடியும்வரை, நோய் அனுமதித்தால் மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றைத் தள்ளி வைக்கலாம், ஆனால் அதை மருந்து எழுதியவர்தான் முடிவு செய்ய வேண்டும். சீட்டு போடும் இடத்திலேயே மருந்துப் பெயரைச் சொல்லிவிடுங்கள். ஊசி அறைக்குள் போய்ச் சொன்னால் வரிசையோடு வரிசையாகத் தோலுக்குள் போட்டுவிடுவார்கள்.

மருந்துச்சீட்டு (கீழக்கரை):
ஹஜ்ஜுக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. மூளையுறைக் காய்ச்சல் நால்வகை ஊசி செத்த வகை, போடலாம். சவூதிக்குள்ள இறங்க 10 நாளுக்கு முன்னாடி போட்டிருக்கணும். அதுலயும் இணைப்பு வகையைக் கேட்டு வாங்குங்க, சான்று 5 வருஷம் செல்லும். பழைய வகைக்கு 3 வருஷம்தான். முகாம்ல வரிசையா நிக்கவச்சு போலியோ சொட்டும் ஊத்துவாங்க. அதுக்கு முன்னாடியே "எனக்கு இந்த மருந்து ஓடுது, ஊசியா போட்டுச் சான்று எழுதித் தாங்க"ன்னு கேக்கணும். முகாம் அன்னைக்குக் கேட்டா ஐ.பி.வி. கையில இருக்காது, முன்கூட்டியே பேசி வைங்க.

கச்சான்:
நிமோனியா ஊசிக்கு நம்ம ஊருக்கு ஏத்த காலக் கணக்கு ஒன்று இருக்கிறது. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். முதலில் பி.சி.வி.13 (13 வகை நிமோனியா கிருமிக்கானது), அதிலிருந்து 8 வாரம் கழித்து 23 வகைக்கான ஊசி. 8 வாரம் என்பது 56 நாள். ஏப்ரல் 15-இல் முதல் ஊசி போட்டால் ஜூன் 10-இல் இரண்டாவது, படகு இறங்குவதற்குள் முடிந்துவிடும். ஏப்ரல் 19-ஐத் தாண்டி ஆரம்பித்தால் இரண்டாவது ஊசி கடலுக்குள் போய்விடும், பிறகு ஆளைப் பிடிக்க முடியாது. நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லாததால் அவர்களுக்கு இந்தக் கணக்கு ஒட்டாது.

மூட்டுப்பிரிவு:
அருமை. வரிசையை மாற்றிவிட வேண்டாம். 23 வகையை முதலில் போட்டுவிட்டால் பி.சி.வி.-க்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். 23 வகை 5 வருடம் கழித்து இன்னொரு முறை. பி.சி.வி.20 கிடைக்கிற இடத்தில் அது ஒன்றே போதும், இந்த நாள் கணக்கே தேவையில்லை. ஃப்ளூவைத் தடைக்காலத்தில் போட்டால் ஐப்பசி மழைக்குள் பலம் இறங்கியிருக்கும். அதைப் புரட்டாசியில் தனியாகப் போடுங்கள், பெட்டியில் அச்சிட்ட ஆண்டைப் பார்த்து.

வாடைக்கரை:
ஒரே கேள்வி, பிறகு நகர்கிறேன். ராமநாதபுரத்தில் ஊசி வாங்கி ராமேஸ்வரம் கொண்டுவர ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். மீன் பெட்டி ஐஸில் வைத்துக் கொண்டுவந்தால் குளிர் குறையாது அல்லவா?

மருந்துச்சீட்டு (கீழக்கரை):
ஐயோ, அது மட்டும் வேண்டாம் அண்ணே. ஊசிக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. மீன் ஐஸ்ல உப்பு சேர்ந்திருந்தா பூஜ்யத்துக்குக் கீழ இறங்கிடும். ஹெபடைட்டிஸ் பி ஊசி மைனஸ் 0.5 டிகிரியிலேயே உறைஞ்சிடும், நிமோனியா பி.சி.வி.யும் அதே கதைதான். உறைஞ்சு உருகினது பாக்க அப்படியேதான் இருக்கும், பலம் போயிருக்கும். ஏற்கனவே பாதி பிடிக்கிற உடம்புக்குப் பலமில்லாத ஊசியைப் போட்ட மாதிரி ஆயிடும்.

ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஐஸ் பேக்கை வெளியே வச்சு, ஆட்டினா உள்ள தண்ணி சலசலக்கிற வரை விடுங்க. அப்புறம் தெர்மோகோல் பெட்டியில சுத்தி வச்சு, குப்பியைத் துணியில சுத்தி நடுவுல வைங்க, ஐஸ் பேக் நேரடியா ஒட்டக் கூடாது. வீட்டு ஃப்ரிட்ஜ்ல கதவுல வேண்டாம், ஃப்ரீசருக்கு ஒட்டின தட்டுலயும் வேண்டாம், நடுத்தட்டு.

துணைநிலையச் செவிலி:
சந்தேகம் வந்தா குலுக்கிப் பாருங்க. அதே கம்பெனி, அதே பேட்ச்ல ஒரு குப்பியை வேணும்னே உறைய வச்சு உருக்கிக்கணும். ரெண்டையும் ஒண்ணா குலுக்கிப் பக்கத்துல வைங்க. சந்தேகக் குப்பியிலயும் அதே வேகத்துல திட்டுத்திட்டா அடியில படிஞ்சா தூக்கிப் போட்டுடணும். இது அடியில படியுற அலுமினிய உப்பு சேர்ந்த ஊசிக்குத்தான், ஃப்ளூ ஊசிக்குப் பலிக்காது.

வாடைக்கரை:
அப்போ ஆளையே ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏத்திவிடுறதுதான் சுலபம்.

மருந்துச்சீட்டு (கீழக்கரை):
அதேதான். வரும்போது பழைய மருந்துச் சீட்டையும் ட்ரிப் அட்டையையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.